பூனை மணல் தொட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடைகளில் ‘லிட்டர் பாக்ஸ்’ என்று கேட்டு வாங்கும் தட்டை மணல் தொட்டி என்றும், அதில் நிரப்பும் பொருள் களிமண்ணோ மரத்தூளோ எதுவானாலும் அதை மணல் என்றும் குறிப்பிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளாக ஒழுங்காகத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பூனை, நாங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து என் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது. விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறதா?

இல்லை. நீங்கள் இல்லாத அந்த ஒரு வாரத்தில் வீட்டில் என்னென்ன மாறின என்று எண்ணிப் பாருங்கள். உணவு வைக்க வந்தவர் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்தாரா? தொட்டி இருந்த அறையின் கதவு காற்றில் சாத்திக்கொண்டதா? ஜன்னலுக்கு வெளியே புதிய தெருப்பூனை ஏதும் நடமாடத் தொடங்கியதா? பழகிய மனிதர்களும் பழகிய நேரங்களும் கலைந்துபோகும்போது பூனைக்குப் பதற்றம் கூடுகிறது. அந்தப் பதற்றம் சிறுநீர்ப்பையையே நோயுறச் செய்யக்கூடியது என்பதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். படுக்கையோ மென்மையானது, தரையைவிட உயரமானது, அறை முழுவதையும் அங்கிருந்து பார்க்க முடியும், உங்கள் வாடையும் அதில் இருக்கிறது. அஞ்சியிருக்கும் விலங்கு அத்தகைய இடத்தைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

பழிவாங்குகிறது என்ற எண்ணத்தை நான் அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. அப்படி நம்புகிறவர் பூனையின் மேல் கோபப்படுவாரே தவிர, அதை மருத்துவரிடம் தூக்கிச் செல்லமாட்டார். தொட்டியை விட்டு விலகும் பூனை எதையோ தாங்கமுடியாமல்தான் விலகுகிறது. அது உடலில் உள்ள வலியா, தொட்டியில் உள்ள குறையா, வீட்டில் உள்ள அச்சமா என்று இதே வரிசையில் தேட வேண்டும்.

உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை எது?

கடுவன் பூனை மீண்டும் மீண்டும் தொட்டிக்குப் போய், குந்தி முக்கி, ஒரு துளியும் வராமல் எழுந்து வந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கடுவனின் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகவும் குறுகலானது. சளி போன்ற பொருளும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்த அடைப்பு அதில் சிக்கிக்கொண்டால், வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. பொட்டாசியத்தின் அளவு ஏறி இதயத் துடிப்பு குலைகிறது. முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே உயிர் போகலாம். தொட்டியில் குந்தியபடியே கத்துவது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது, உணவை ஒதுக்குவது, வாந்தியெடுப்பது, அடிவயிற்றைத் தொடவிடாமல் சீறுவது ஆகியவை உடன் வரும் அறிகுறிகள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடக்கூடும்.

எங்கள் வீட்டுக் கடுவன் ஓர் இரவு இப்படி முக்கிக்கொண்டிருந்தபோது, மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு நான் உறங்கப் போய்விட்டேன். விடிந்தபோது அது வாந்தியெடுத்துக் குளியலறை மூலையில் சுருண்டு கிடந்தது. குழாய் செலுத்தி அடைப்பை நீக்கி, மூன்று நாட்கள் சொட்டு மருந்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். மலம் வராமல் முக்குவதும் சிறுநீர் வராமல் முக்குவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் சிறுநீர் அடைப்பு என்றே எண்ணிப் புறப்படுங்கள்.

வலிக்குதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. அந்த மருந்தைப் பாதுகாப்பாகச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பெட்டைப் பூனைகளுக்கு முழு அடைப்பு அரிது என்றாலும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அவற்றையும் ஓரிரு நாட்களுக்குள் காட்டிவிட வேண்டும்.

மருத்துவர் என்னென்ன பரிசோதனை செய்வார்?

பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் தொடங்குவார். சிறுநீரின் அடர்த்தி, இரத்தம், சர்க்கரை, படிகங்கள், கிருமிகள் ஆகியவற்றை அது காட்டும். மாதிரியைச் சிறுநீர்ப்பையிலிருந்து ஊசி மூலம் நேரடியாக எடுப்பதும் உண்டு. கேட்க அச்சமாக இருந்தாலும், தரையிலிருந்து உறிஞ்சி எடுத்த மாதிரியைவிட அதுவே நம்பத்தக்கது. கல் இருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரேவும் ஸ்கேனும், வயதான பூனைக்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளில் இவையெல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய வசதி.

கல் இருந்தால் அது எந்த வகை என்பது முக்கியம். ஸ்ட்ரூவைட் வகைக் கற்களை மருத்துவர் பரிந்துரைக்கும் சிறப்பு உணவின் மூலமே பெரும்பாலும் கரைத்துவிடலாம். கால்சியம் ஆக்சலேட் கற்கள் எந்த உணவுக்கும் கரையாது; அவற்றை வெளியே எடுக்கத்தான் வேண்டும். கிருமித்தொற்று இளம் பூனைகளிடம் குறைவாகவும், பத்து வயதைக் கடந்தவற்றிடம் கூடுதலாகவும் காணப்படுகிறது.

நீங்கள் செய்யக்கூடிய பேருதவி குறிப்பெழுதிக்கொண்டு போவது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஈரம், நின்றுகொண்டா குந்திக்கொண்டா என்று எழுதுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் பூனையைப் பார்த்து ஊகிக்க முடியாத பலவற்றை அரை நிமிடக் காட்சி மருத்துவருக்குச் சொல்லிவிடும்.

கல்லும் இல்லை, கிருமியும் இல்லை என்கிறார்கள். ஆனாலும் சிறுநீரில் இரத்தம் வருகிறது, ஒரு வாரத்தில் தானாக நின்றும்விடுகிறது. பிறகு மறுபடியும் வருகிறது. இது என்ன நோய்?

இதைக் காரணம் அறியாச் சிறுநீர்ப்பை அழற்சி என்பார்கள். இளம் பூனைகளிடமும் நடுத்தர வயதுப் பூனைகளிடமும் காணப்படும் சிறுநீர்ப்பைத் தொல்லைகளில் மிகப் பரவலானது இதுவே. நீங்கள் சொல்வதுபோல ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானாகத் தணிந்துவிடுவதால்தான் இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இரண்டாம் நாள் கொடுத்த ஆண்டிபயாடிக் ஏழாம் நாள் குணப்படுத்தியதாகத் தோன்றும். அடுத்த முறையும் அதையே கொடுப்பார்கள். உண்மையில் அந்த மருந்து எதையும் செய்திருக்காது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இது சிறுநீர்ப்பையோடு முடிந்துவிடும் நோய் அல்ல, பூனையின் நரம்பு மண்டலம் பதற்றத்தை எப்படிக் கையாள்கிறது என்பதோடு பிணைந்தது என்பது அவருடைய ஆய்வுகள் காட்டிய முக்கியமான உண்மை. 2006-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த 46 பூனைகளின் வாழ்சூழலை மாற்றியமைத்துப் பத்து மாதங்கள் கவனித்தனர். நோயின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மருந்துக் கடையில் கிடைக்காத சிகிச்சை இது, ஆனால் எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. ஏறி உட்கார உயரமான ஓர் இடம், யாரும் தொந்தரவு செய்யாமல் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவு, துரத்திப் பிடித்து விளையாடக் காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் ஆகியவற்றை முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.

நீரின் அளவும் முக்கியம். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்து விலங்கு. குறைவாகக் குடித்து, சிறுநீரை அடர்த்தியாக்கி வெளியேற்றும் இயல்பு அதனிடமிருந்து வந்தது. உலர்ந்த தீவனத்தை மட்டும் தின்னும் பூனைக்குத் தண்ணீர் போதாமல் போகிறது. ஈர உணவையோ, உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி அல்லது மீனின் சாற்றையோ தீவனத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

சிறுநீர் தரையில் இல்லை, சுவரிலும் கதவிலும் பீய்ச்சியிருக்கிறது. இதுவும் அதே பிரச்சினையா?

இது வேறு. நின்றபடி வாலை உயர்த்தி நடுங்கவிட்டு, பின்பக்கமாகச் செங்குத்தான பரப்பின் மேல் சிறிதளவு பீய்ச்சினால், அது எல்லை குறிக்கும் செயல். தொட்டியின் மேல் வெறுப்புள்ள பூனை குந்தி உட்கார்ந்து, தரையிலோ துணியிலோ வழக்கமான அளவில் கழிக்கும். கருத்தடை செய்யாத கடுவனுக்கு அறுவை சிகிச்சைதான் முதல் தீர்வு. பெரும்பாலான கடுவன்கள் அதன்பின் நிறுத்திவிடுகின்றன. கருத்தடை செய்யப்பட்டவற்றிலும் கடுவன்களில் சுமார் 10 விழுக்காடும் பெட்டைகளில் சுமார் 5 விழுக்காடும் பீய்ச்சுகின்றன. அத்தகைய பூனை எங்கே பீய்ச்சுகிறது என்று பாருங்கள். வாசற்கதவும் ஜன்னலோரமும் என்றால் வெளியே திரியும் பூனைதான் காரணமாக இருக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுவதே சில வீடுகளில் போதுமானதாகிவிடுகிறது.

தொட்டியில் என்ன குறை இருக்கக்கூடும்? புதிதாக, மூடி போட்ட, விலை உயர்ந்த தொட்டி வாங்கி வைத்திருக்கிறோம்.

அந்த மூடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மூடி நம் மூக்கையும் கண்ணையும் காப்பாற்றுகிறது. பூனைக்கோ உள்ளே வாடை தேங்குகிறது, தப்பிக்க ஒரே வழிதான் இருக்கிறது, வெளியே இன்னொரு பூனை பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் முடிவதில்லை. எல்லாப் பூனைகளும் மூடியை வெறுப்பதில்லை. ஆனால் உங்கள் பூனைதான் ஏற்கெனவே வெளியேறிவிட்டதே!

அடுத்தது அளவு. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல ஒன்றரை மடங்காவது தொட்டி நீளமாக இருக்க வேண்டும். கடைகளில் விற்கப்படும் தொட்டிகளில் பல, குட்டிக்குப் போதுமே தவிர வளர்ந்த பூனை உள்ளே திரும்பக் கூட இடம் தருவதில்லை. துணிமணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்தால் விலையும் குறைவு, பூனைக்கும் நிம்மதி.

பிறகு இடம். துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகே, பால்கனியில் வெயில் சுடும் மூலையில், நாய் உறங்கும் வழியில், உணவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்த தொட்டிகளைப் பூனைகள் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தொட்டியில் இருக்கும்போது ஒருமுறை இயந்திரம் அதிர்ந்து சுழலத் தொடங்கினால் போதும், அந்த மூலையே அதற்கு ஆகாத இடமாகிவிடும். அமைதியான, ஆனால் வீட்டாரின் புழக்கத்திலிருந்து முற்றிலும் ஒதுங்காத இடமே நல்லது.

எந்த மணல் நல்லது? ஆற்று மணல் போதாதா?

பாதத்துக்கு மென்மையான, மணமூட்டாத, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. ஆற்று மணல் பூனையின் பாதத்துக்கு உகந்ததுதான். ஆனால் அது கட்டியாவதில்லை, சிறுநீர் அடியில் இறங்கித் தேங்கிவிடுகிறது. ஆகவே ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற முடிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் ஈர மணலைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

கடை மணலின் கதையும் இதையே சொல்கிறது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்கு மணல் கேட்டு வந்தபோது, எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்பட்டு வந்த உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சியதால் அந்தப் பெண்மணி மீண்டும் அதையே கேட்டு வந்தார். எலுமிச்சை, மல்லிகை மணம் கலந்த மணல்களெல்லாம் வாங்குகிறவரின் மூக்கைக் குறிவைத்து வந்தவை. நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையான மோப்பம் கொண்ட பூனைக்கு அது தொல்லை.

மணலை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தொட்டியை அப்படியே விட்டு, அருகில் புதிய மணலோடு இன்னொன்றை வையுங்கள். பூனை எதை நாடுகிறது என்பது நாலைந்து நாட்களில் தெரிந்துவிடும். எந்த மணலையும் கழிப்பறையில் கொட்ட வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு பூனைகள், இரண்டு படுக்கையறை கொண்ட சிறிய வீடு. எத்தனை தொட்டிகள் வேண்டும்?

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி, உங்களுக்கு மூன்று. இடமில்லாவிட்டால் இரண்டையாவது வெவ்வேறு அறைகளில் வையுங்கள். அருகருகே வைத்த மூன்று தொட்டிகள் பூனையின் கணக்கில் ஒரே தொட்டிதான், ஏனெனில் வழியில் படுத்துக்கொள்ளும் ஒரு பூனை மூன்றையும் மற்றதற்கு மறித்துவிட முடியும். சண்டையும் சீறலும் இல்லாமல், வெறும் பார்வையாலேயே ஒன்று மற்றொன்றை அடக்கிவைப்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

எவ்வளவு அடிக்கடி சுத்தம் செய்வது?

கட்டிகளையும் மலத்தையும் தினம் இரண்டு முறை சல்லடைக் கரண்டியால் அள்ளிவிடுங்கள். தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மணமற்ற சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் புதிய மணல் நிரப்புங்கள். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்வது நல்லது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சிறுநீரில் அல்ல, மலத்தில்தான் வருகிறது. வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது என்பதால், தினமும் அள்ளிவிடும் வீட்டில் ஆபத்து மிகக் குறைவு.

எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லை. பினாயில் ஊற்றித் துடைக்கிறோம். ஆனாலும் அதே இடத்துக்கே போகிறது.

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். அதில் சேரும் ஃபீனால் வகைப் பொருள்களும் பைன் எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது அவை உடலுக்குள் போகின்றன. பாராசிட்டமாலைப் போலவே இவற்றையும் பூனையின் ஈரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. பூனை வராமலிருக்கப் பாச்சை உருண்டை போட்டுவைப்பதும் இதே அளவுக்கு ஆபத்தானது. ப்ளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்து மூச்சுத் திணறவைக்கும் வாயுவை உண்டாக்கும். அம்மோனியா கலந்த துடைப்பான்களின் வாடையோ பூனைக்குச் சிறுநீரையே நினைவூட்டும்.

பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் அடங்கிய அமினோ அமிலம் உண்டு. புதிதாக இருக்கும்போது அதற்கு வாடை குறைவு. நேரம் ஆக ஆகச் சிதைந்து, நாமறிந்த அந்தக் கடும் நாற்றத்தைத் தருகிறது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிகுதி. சோப்பு நம் மூக்குக்கு எட்டும் வாடையை நீக்குகிறது. பூனையின் மூக்குக்கு எட்டுவதை நீக்குவதில்லை. அதற்குச் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த துடைப்பான், அதாவது என்சைம் கிளீனர், வேண்டும். முதலில் பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் நனையும்படி நொதித் திரவத்தை ஊற்றி, குப்பியில் குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே விட்டுத் தானாக உலரவிடுங்கள். மேலோட்டமாகத் தெளித்துத் துடைத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. எங்கெல்லாம் கறை இருக்கிறது என்று தெரியாவிட்டால் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தைக்குள் ஊறியிருந்தால் பஞ்சை மாற்றுவதைத் தவிர வேறு வழியை நான் கண்டதில்லை.

மூக்கை அதில் தேய்த்தால் புத்தி வருமா?

வராது. உங்களைக் கண்டாலே ஒளிந்துகொள்ளவும், நீங்கள் பார்க்காத இடத்தில் கழிக்கவும் மட்டுமே அது கற்றுக்கொள்ளும். பதற்றம் கூடினால் சிறுநீர்ப்பை அழற்சியும் கூடும். குடிநீரைக் குறைப்பதும் அப்படித்தான். அது கொடுமை மட்டுமல்ல, கல்லுக்கும் அடைப்புக்கும் வழிவகுப்பது.

பதின்மூன்று வயதுப் பூனை. தொட்டியின் வாசல்வரை போய், பக்கத்திலேயே கழித்துவிடுகிறது.

அது தொட்டிக்குப் போக முயல்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். மூட்டுவலி பூனையிடம் நொண்டலாக வெளிப்படுவது குறைவு. ஏறுவதும் குதிப்பதும் குறைந்து, உறக்கம் கூடுவதாகவே தெரியும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. தொட்டியின் ஒரு பக்கத்தை மூன்று விரற்கடை உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அதைச் சுற்றி உறிஞ்சும் விரிப்பைப் போடுங்கள். மாடி வீடானால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு தொட்டி வையுங்கள். குளமாகக் கழிக்கிறது, தண்ணீரும் மிகுதியாகக் குடிக்கிறது என்றால் சர்க்கரை நோய், சிறுநீரக நோய், தைராய்டு மிகைப்பு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை தேவை.

குளியலறையில் தண்ணீர் போகும் துளையின் மேலேயே கழிக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

நீண்ட காலமாக அங்கேதான் போகிறது, பூனைக்கு வேறு தொல்லை இல்லை, கழுவிவிட உங்களுக்கும் தடையில்லை என்றால் விட்டுவிடலாம். நம் ஊரில் பல வீட்டுப் பூனைகள் இப்படித்தான் வாழ்கின்றன. இதிலுள்ள ஒரே இழப்பு, சிறுநீரின் அளவும் நிறமும் நம் கண்ணுக்குப் படாமல் ஓடிவிடுவது. ஆனால் இதுவரை மணலில் போன பூனை திடீரென வழுவழுப்பான தரையை நாடினால், மணலில் இருக்கும்போது வலித்திருக்கக்கூடும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தீபாவளி நேரத்தில் மட்டும் இப்படிச் செய்கிறது.

வெடிச்சத்தம் தொடங்குவதற்கு முன்பே ஜன்னலற்ற அல்லது தெருவை விட்டுத் தள்ளியிருக்கும் ஓர் அறையில் தொட்டி, தண்ணீர், உணவு, ஒளிய ஒரு பெட்டி எல்லாவற்றையும் வைத்துப் பழக்கிவிடுங்கள். கட்டிலடியில் பதுங்கிய பூனை வெளியே வந்து கூடத்தைக் கடந்து தொட்டிக்குப் போகத் துணியாது. கடந்த ஆண்டுகளில் சிறுநீர்ப்பை அழற்சி வந்திருந்தால், பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசிவையுங்கள். பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நோய் குணமாகிவிட்டது, தொட்டியையும் மாற்றிவிட்டோம். பழக்கம் மட்டும் விடவில்லை. மொட்டைமாடியில் விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.

அதற்கு முன் எனக்காக நான்கு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். வலி நீங்கிய பிறகும் தொட்டியைப் பார்த்தால் வலி நினைவுக்கு வருவதால் ஒதுங்கும் பூனைகள் உண்டு. அவற்றுக்குத் தொட்டியின் வடிவமும் இடமும் மணலும் எல்லாமே புதிதாக இருப்பது உதவும். பூனையை ஒரு சிறிய அறையில் வையுங்கள். ஒரு மூலையில் அகலமான தொட்டி, எதிர்மூலையில் உணவும் தண்ணீரும், நடுவில் அது உறங்கப் பழகிய துணி இருக்கட்டும். மெத்தை, கால்மிதி, குவித்துவைத்த துணி எதுவும் அங்கே வேண்டாம். தினமும் சில மணி நேரம் நீங்களும் அந்த அறையில் உட்கார்ந்து படியுங்கள், பேசுங்கள், விளையாடுங்கள். அது தண்டனைக் கொட்டடியாகிவிடக் கூடாது. தொட்டியைப் பயன்படுத்தியதும் விருப்பமான தீனி ஒரு துண்டு கொடுங்கள்.

இரண்டு வாரம் தவறாமல் தொட்டியிலேயே கழித்தால், உணவு உண்ட பிறகு உங்கள் கண் முன்னால் ஒரு மணி நேரம் கூடத்தில் விடுங்கள். பிறகு அரை நாள், பிறகு ஒவ்வோர் அறையாக. முன்பு அசுத்தம் செய்த இடத்தில் நன்றாகச் சுத்தம் செய்தபின் அதன் உணவுக் கிண்ணத்தை வைத்துவிடுங்கள். உண்ணும் இடத்தில் பூனை பொதுவாகக் கழிப்பதில்லை. படுக்கையறைக் கதவைக் கடைசியாகத் திறங்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு, முந்தைய கட்டத்துக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.